என் அடுக்கில் யாரும் கை வைக்கவில்லை

1

சென்ற மாதம் எனக்குக் கம்பெனியில் இருபது வருடம் நிறைந்தது. ஹாம்பர்க்கில் அதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. மதியம் மூன்று மணிக்கு அலுவலகச் சமையலறையில் எல்லோரும் கூடுவார்கள். யாருக்கு விழாவோ அவனே கேக் வாங்கி வந்து அவனே வெட்டிக் கொடுக்க வேண்டும். என் மேலதிகாரி டிர்க் என்னைவிடப் பத்து வயது சிறியவர். காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நாலு வார்த்தை பேசினார்.

"பதினான்கு வருடத்துக்கு முன்னால் இவர் வடிவமைத்த அடுக்கை இன்றுவரை ஒருவரும் தொட வேண்டிய அவசியமே வரவில்லை. நல்ல கட்டமைப்பு என்றால் இதுதான்."

கைதட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

யாரும் தொடாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அது எனக்குத் தெரியும், திருச்சியில் இன்னொருவனுக்கும் தெரியும். அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். தமிழில் எழுதுவதற்குக் காரணம் டிர்க்குக்குத் தமிழ் தெரியாது என்பதுதான். என் துணிச்சலின் அளவு அவ்வளவுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம்.

2

ஸ்ரீரங்கத்துச் சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது.

ஒரு மென்பொருளை எழுதுவதற்கு முன்னால், அதில் எது எங்கே இருக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும். வெப்சைட்டுக்கு ஒருவித அமைப்பு பொருந்தும், மேசைக் கம்ப்யூட்டரில் ஓடுவதற்கு இன்னொருவிதம். ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்து, நாலெழுத்துப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் எது உயர்ந்தது என்று ஆளுக்கு ஆள் சண்டை போடுவார்கள், கருத்தரங்கு நடத்துவார்கள். அத்தனைக்கும் அடிப்படை ஒன்றுதான். விதிகளும் விவரங்களும் கீழே ஒரு அடுக்கில் இருக்கும், அதற்கு மாடல் என்று பெயர். மனிதர்கள் பார்க்கிற திரை மேலே இருக்கும், அது வியூ. ஹோட்டலில் சமையல்கட்டு தனி, பரிமாறுகிற கூடம் தனி என்பதுபோல. எது சரி, எது தப்பு என்பதை மாடல்தான் சொல்ல வேண்டும். மாடல் சொன்னதைத் திரை காட்டினால் போதும், சொந்த புத்தியைக் காட்டக் கூடாது. எந்த வேலைக்கு எந்த அமைப்பு என்று தேர்ந்தெடுத்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

எங்கள் கம்பெனி குளிர்க் கிடங்குகளுக்கு மென்பொருள் செய்கிறது. இங்கே துறைமுகத்துக்கு வாழைக்காய் பச்சையாகக் கப்பலில் வரும். அதைப் பெரிய அறைகளில் அடைத்து, வாயு செலுத்தி, வெப்பநிலையை ஏற்றி இறக்கிப் பழுக்க வைப்பார்கள். நம் ஊரில் மூட்டம் போடுகிற அதே காரியம்தான், கோட்டு சூட்டு போட்டிருக்கும். பக்கத்து அறைகளில் ஆப்பிள் இருக்கும். ஆப்பிளுக்கு இரண்டு டிகிரி, மூன்று டிகிரி போதும். எந்த அறை எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதை எங்கள் மென்பொருளில் குறித்தால், அறை அதன்படி நடக்கும்.

3

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதன் முதல் வடிவத்தை நான்தான் போட்டேன். கிடங்குக் கதவருகே ஒரு மேசைக் கம்ப்யூட்டர், அதில் ஓடும் நிரல். எழுதுவதற்கு ஆட்கள் வேண்டும் என்றபோது, ஊரில் ஒரு சின்ன அலுவலகம் போடலாம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அப்போது அது எனக்குப் பெரிய பெருமை. ஸ்ரீரங்கத்தில் கீழ அடையவளஞ்சான் வீதியில் ஒரு வீட்டின் மாடியைப் பிடித்தோம். ஐந்து பேர். அவர்களுக்குத் தலைவன் இளங்கோவன்.

இளங்கோ திருச்சிக் கல்லூரியில் எனக்கு மூன்று வருடம் ஜூனியர். ஜீயபுரத்துக்காரன், வாழை போடுகிற குடும்பம். அன்றிலிருந்து இன்றுவரை என்னை "அண்ணே" என்பான். அவனை நம்பி எதையும் விட்டுவிட்டு வரலாம். அப்படித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

அலுவலகம் திறந்த அன்று வெள்ளைப் பலகையில் அடுக்குகளைப் படம் போட்டுக் காட்டினேன். கீழ் அடுக்கைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரால் ஒரு கட்டம் கட்டினேன். "இது மாடல். என்னைக் கேட்காம இதுல யாரும் கை வைக்கக் கூடாது." புதுப் பிள்ளைகள் கண்டதைக் கிளறிவிடுவார்களே என்ற பயத்தில், ஆறு மாதத்துக்காகச் சொன்ன வார்த்தை அது. நான் விமானம் ஏறியதும் மறந்துவிட்டேன். அவர்கள் மறக்கவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அது அண்ணன் எழுதினது, அதுல கை வைக்கக் கூடாது என்று. வேறு எந்த நாட்டு ஆட்களாக இருந்தாலும் இரண்டாவது மாதமே அந்தக் கட்டத்தை அழித்திருப்பார்கள். நம்மவர்கள் பத்து வருடத்துக்கு மேல் அதைக் காப்பாற்றினார்கள்.

ஒரு முறை இளங்கோ போன் செய்தான். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மகள் யாழினியின் பள்ளிக்கூட வாசலில் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, ரெண்டு நிமிஷம் பேசலாமா? மாடல்ல ஒரு செக் போடணும்ணே. வாழ ரூமுக்குப் பதிமூணு டிகிரிக்குக் கீழ குடுத்தா ஏத்துக்கக் கூடாது. இப்ப எத்தனை குடுத்தாலும் ஏத்துக்குது."

"யார் கேட்டாங்க? கஸ்டமர் கேட்டாங்களா?"

"அவங்க கேக்கலண்ணே. வாழப்பழத்தக் குளுருல வச்சா தோல் கறுத்துப் போயிரும்ல, அது எங்க வீட்டுல கொழந்தைக்குக்கூடத் தெரியும். காந்தி மார்க்கெட்ல மண்டிக்காரங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டேன். யாராவது கை தவறி அடிச்சுட்டா?"

"நீ இப்ப தொடாத. நான் பாத்துட்டுச் சொல்றேன்."

நான் பார்க்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. இரண்டு வாரம் பொறுத்திருக்கிறான். பிறகு வாழை அறையின் திரையில், அந்த எண்ணைத் தட்டுகிற இடத்திலேயே, பதிமூன்றுக்குக் கீழே போனால் சிவப்பாகி ஏற்க மறுக்கும்படி செய்துவிட்டான். புத்தகப்படி அது தவறான இடம். ஆனால் அண்ணனின் அடுக்கைத் தொடாமல் வாழையைக் காப்பாற்ற வேறு இடம் இல்லை. இதுபோல இன்னும் எத்தனையோ விதிகளைத் திரைகளில் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு மிகவும் தாமதமாகத்தான் தெரிந்தது.

4

மூன்று வருடத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் வெப்புக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. கிடங்குக்காரர் கையில் டேப்லெட் இருக்கும், எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தக் கட்டமைப்பு என்று முடிவு செய்து இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். இந்தத் தொழிலில் அதற்கு முடிவு ஆவணம் என்று பெயர். எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன், பிற்பாடு என்ன ஆயிற்று என்று எல்லாம் அதில் இருக்கும்.

நான் எழுதினேன்: விதிகள் அனைத்தும் மாடலில் இருக்கின்றன. மாடலை அப்படியே சர்வரில் வைத்துக்கொள்ளலாம். பழைய திரைகளில் வெறும் பூச்சு வேலைதான் இருக்கிறது, அவற்றை எறிந்துவிட்டு, இங்கேயே ஒரு இளைஞர் குழுவை வைத்துப் புதிதாக எழுதலாம்.

படம் அழகாக வந்திருந்தது. வீடியோக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டியபோது இளங்கோ மட்டும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான், பழைய திரைகளை ஒருமுறை பார்த்துவிட்டு எறியலாமே என்று. டிர்க் என்னைப் பார்த்தார். திரையில் ஒன்றும் இல்லை என்றேன். இளங்கோ "ஓகே அண்ணே" என்றான். ஐந்து பேர் முன்னிலையில் என்னை மறுத்துப் பேச அவனுக்கு வாய் வராது. கூட்டம் முடிந்து அவன் போனில் கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை. அவனுக்கு இப்போது இரவல்லவா, நாளை பேசிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எந்த விதி எந்த அடுக்கில் என்று எனக்குப் படம் போடத் தெரியும். யாருக்கு யார்மேல் எத்தனை மரியாதை, அதனால் எது எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த மரியாதையில் குளிர் காய்ந்தவன் நான்தான்.

5

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒரு கிடங்குத் தொழிலாளி டேப்லெட்டில் பதினாறு என்று தட்டுவதற்குப் பதில் ஆறு என்று தட்டிவிட்டார். புதுத் திரை ஏற்றுக்கொண்டது. மாடலும் ஏற்றுக்கொண்டது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால் அறை முழுக்க வாழைக்காய் சாம்பல் பூத்துக் கறுத்துக் கிடந்தது. அது இனிப் பழுக்காது.

புதன்கிழமை விசாரணைக் கூட்டம். அதே வாரம் வெள்ளிக்கிழமை எனக்குக் குடியுரிமை அலுவலகத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். இந்த நாட்டில் அந்த நேரம் கிடைப்பதற்கு நான் ஒன்றரை வருடம் காத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறையும். இந்த முறை குறைந்தது, நான் நிரந்தர வேலையில் இருக்கிறேன், நீக்கும் உத்தேசம் இல்லை என்று கம்பெனி தரும் கடிதம். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் டிர்க்.

"அந்தத் தடை பழைய திரையில் இருந்திருக்கிறது, மாடலில் இல்லை. ஏன்?" என்று டிர்க் கேட்டார்.

"திருச்சிக் குழு அதை அங்கே வைத்துவிட்டது."

"உங்களிடம் கேட்காமலா?"

இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று உண்டு. பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்வி வந்தால், என் ஜெர்மன் மொழியை வேண்டுமென்றே தடுமாற விடுவேன். வார்த்தையைத் தேடுவதுபோல் கையை ஆட்டுவேன். பாவம், அந்நியன் என்று அவர்களே வாக்கியத்தை முடித்துக் கொடுப்பார்கள். அன்றும் அப்படித்தான் செய்தேன். "அதாவது உங்களுக்கு நினைவில்லை" என்று டிர்க்கே முடித்து வைத்தார். ஆமாம் என்றேன்.

முடிவு ஆவணத்தின் கீழே காரணம் என்ற தலைப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. நானே எழுதினேன்: "கட்டமைப்பு விதியை மீறி, திருச்சிக் குழு வணிக விதிகளைத் திரை அடுக்கில் எழுதியிருந்தது." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நானே அதை இரண்டு முறை சரிபார்த்தேன். விட்டுப்போன விதிகளை மாடலுக்கு வெளியே ஒரு தனி அடுக்கில் சேர்த்தார்கள்; மாடலை அப்போதும் யாரும் தொடவில்லை. இரண்டு மாதத்தில் ஸ்ரீரங்கம் மாடியைக் காலி செய்தார்கள். எனக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் வந்தது.

யாழினிக்குப் பதினேழு வயது. பள்ளியில் புரோகிராமிங் படிக்கிறாள். நான் தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்வாள். நான் அவள் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மாடல் நீங்கள் எழுதியதுதானே? அவர்கள் ஏன் அதை மாற்றவில்லை, பயமா?" என்று கேட்டாள்.

"பயம் இல்லம்மா. மரியாதை."

"வித்தியாசம் என்ன?"

குழம்புப் பாத்திரத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். இப்போதெல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறாள்.

6

ஜனவரியில் ஊருக்குப் போனேன். திருச்சி விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். முன்னால் நின்ற மலேசியக்காரர் தமிழில் நேரம் கேட்டார், சொன்னேன். ஸ்ரீரங்கத்தில் அக்கா வீட்டில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன். கீழ அடையவளஞ்சான் வீதி வழியாகப் போவதைத் தவிர்த்து, பஸ் ஏறச் சுற்றிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் இளங்கோவுக்குப் போன் செய்தேன். காந்தி மார்க்கெட்டில் இருப்பதாகச் சொன்னான்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். ஒரு வெங்காய மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே குனிந்து பிரிண்டரைப் பிரித்துக்கொண்டிருந்தான். பத்து வருடத்துக்கு மேல் ஒரு குழுவை நடத்தியவன் இப்போது மண்டி மண்டியாகப் போய் கம்ப்யூட்டர் சரிசெய்து தருகிறான்.

"வாங்கண்ணே! எப்ப வந்தீங்க? அண்ணி வரலையா? பாப்பா நல்லாருக்கா?" கையைத் துணியில் துடைத்துவிட்டு என்னை டீக்கடைக்கு அழைத்துப் போனான்.

என்ன பேசுவதென்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். "இளங்கோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கூட்டத்துல நான்…"

"தெரியும்ணே." கண்ணாடித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வேலைய ஒப்படைக்கிற மாசம் ஃபைலெல்லாம் எங்களுக்கும் திறந்துதான இருந்துச்சு. படிச்சேன்."

"பசங்க?"

"அவங்ககிட்ட சொல்லல. பட்ஜெட் இல்லன்னு மூடுறாங்க, அண்ணன் எவ்வளவோ பேசிப் பாத்தாருன்னு சொன்னேன்."

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"வேற ஆபீஸ்ல போய் உக்காரணும்லண்ணே. தப்பு பண்ணவங்கன்னு நெனச்சுக்கிட்டுப் போய் உக்காந்தா கை வருமா?"

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதற்காகத்தான் போயிருந்தேன் என்றுகூட இப்போது தோன்றுகிறது. திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக விமானம் ஏறலாம் என்ற கணக்கு.

அவன் வேறு விஷயத்துக்கு வந்தான். "ரேவதிய ஞாபகம் இருக்கா?" அந்த ஐவரில் ஒருத்தி, உப்பிலியபுரத்துப் பெண், ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு குழந்தைகள். மாமியார் படுக்கையில். வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக முடியாது. வீட்டிலிருந்து நடந்து வருகிற தூரத்தில் அலுவலகம் இருந்ததால்தான் அத்தனை வருடம் வேலை பார்த்தாள். "இப்ப வீட்லேந்தே பாக்கற மாதிரி ஒரு வேல வந்திருக்குண்ணே. பழைய கம்பெனிலேந்து லெட்டர் கேக்குறாங்க. உங்க எச்ஆர்ல எழுதிக் கேட்டா, அந்தக் குழு மேல குறிப்பு இருக்கு, நல்லபடியா எழுத முடியாதுங்கிறாங்க. இந்த மாசத்துக்குள்ள குடுக்கலன்னா வேற ஆள எடுத்துடுவாங்களாம்."

"நான் பேசறேன்."

"பேச வேணாம்ணே. அந்த ஒரு வரிய மாத்திட்டா போதும்." தம்ளரை வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தான். "குழுன்னு இருக்கறத எடுத்துட்டு என் பேரப் போட்டுடுங்க. இளங்கோவன் தனியா செஞ்சது, மத்தவங்களுக்குத் தெரியாதுன்னு. நான் இனிமே எந்த லெட்டரும் கேக்கப் போறதில்ல. உங்களுக்கும் சங்கடம் இல்ல."

வேண்டாம், என் பெயரைப் போடுகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மண்டியிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். "வரேண்ணே, பிரிண்டர் அப்படியே கெடக்கு" என்று எழுந்து போனான். போகிற போக்கில் டீக்குக் காசும் கொடுத்துவிட்டான்.

7

திரும்பி வந்த திங்கட்கிழமை காலை அந்த ஆவணத்தைத் திறந்தேன். திருத்துவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், காரணம் என்று ஒரு வரி எழுதினால் போதும். குடியுரிமைக் கடிதம் என்ற சாக்கும் இப்போது இல்லை. பாஸ்போர்ட் மேசை இழுப்பறையில் இருந்தது. என் பெயரைப் போட்டால் டிர்க் கூப்பிட்டு விசாரிப்பார். கட்டமைப்பாளர் என்ற பதவி போகலாம். ஐம்பது வயதில் இருபத்தைந்து வயதுப் பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திரை எழுதச் சொல்லலாம். சோற்றுக்கு வழியில்லாமல் போய்விடாது. அவ்வளவுதான் விலை.

"திருச்சிக் குழு" என்று இருந்ததை அழித்தேன். காலியான அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு காபி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிறகு இளங்கோவின் பெயரைத் தட்டினேன்.

திருத்திய வரியைப் பார்த்துப் புதன்கிழமை எச்ஆர் ரேவதிக்குக் கடிதம் அனுப்பிவிட்டது. வியாழக்கிழமை ரேவதி எழுதியிருந்தாள்: "வேலை கிடைச்சிடுச்சு சார். நீங்கதான் பேசி லெட்டர் வாங்கிக் குடுத்தீங்கன்னு இளங்கோ அண்ணன் சொன்னாரு. நீங்க மட்டும் இல்லன்னா எங்களுக்கு யாரு சார் இருக்காங்க."

அதற்குக் கீழே இளங்கோவிடமிருந்தும் ஒரு செய்தி வந்திருந்தது.

"ரொம்ப நன்றிண்ணே."

பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திய அந்தச் சின்னப் படத்தை அனுப்பினேன்.